4 அடி டேங்கில் ஆஸ்கர், கிரீன் டெரர், டெம்ப்சி, கான்விக்ட்: சேர்த்து வைக்க முடியுமா?

அம்பத்தூர்_அருண்

வணக்கம் நண்பர்களே. என் மீன் டேங்க் 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கணக்குப்படி 250 லிட்டர் வருகிறது. மணலும் கல்லும் போனால் 220 இருக்கும். ஒரு டாப் ஃபில்டர், இரண்டு ஸ்பான்ஜ் ஃபில்டர் ஓடுகின்றன. போர் தண்ணீரும் மெட்ரோ வாட்டரும் கலந்துதான் ஊற்றுகிறேன்.

உள்ளே இருப்பவை எல்லாம் சிக்லிட் குடும்பத்து மீன்கள்: ஆஸ்கர் 2 (4 இன்ச் வளர்ந்துவிட்டன), கிரீன் டெரர் 1, ஜாக் டெம்ப்சி 1, கான்விக்ட் 2. எல்லாம் கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் வாங்கியவை. "குட்டியிலிருந்தே ஒன்றாக வளர்ந்தால் ஒன்றுக்கொன்று பழகிவிடும்" என்று ஒரு கடையில் சொன்னார்கள். ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. இப்போது ஒரு ஆஸ்கரின் வால் கிழிந்திருக்கிறது. டெம்ப்சி நாள் முழுக்க ஃபில்டர் குழாய்க்குப் பின்னாலேயே நிற்கிறது, நிறமும் மங்கிவிட்டது.

இதற்கு நடுவில் நண்பர் ஒருவர் வீடு மாறுகிறார், தன் ஃபிளவர்ஹார்னை எனக்குத் தருவதாகச் சொல்கிறார். இவை அனைத்தையும் ஒரே டேங்கில் வைக்க வழி இருக்கிறதா? எங்கள் வீட்டில் இரண்டாவது பெரிய டேங்குக்கு இடம் கிடையாது.

வேளச்சேரி_வாசு

ஃபிளவர்ஹார்ன் வேண்டாம், அருண். அதற்கு மட்டும் யோசிக்காமல் பதில் சொல்லிவிடலாம். மத்திய அமெரிக்க சிக்லிட்களைக் கலந்து 1990களில் மலேசியாவில் உருவாக்கிய கலப்பினம் அது. அதன் மூதாதையரில் ஒன்றுகூட சாதுவான மீன் இல்லை. கண்ணாடிக்கு வெளியே இருக்கும் விரலையே முட்டும். உங்கள் டேங்கில் விட்டால் ஒரு வாரத்தில் அது மட்டும்தான் இருக்கும். அதற்குத் தனி டேங்க் தர முடிந்தவர்கள் வாங்கிக்கொள்ளட்டும்.

குரோம்பேட்டை_கீதா

அருண், முதலில் ஒரு கேள்வி. இன்று ராத்திரி ஒரு மீனை அவசரமாகத் தனியாக எடுக்க வேண்டி வந்தால் எங்கே வைப்பீர்கள்?

இதற்கு உங்களிடம் பதில் இல்லை என்றால், எந்த மீனோடு எந்த மீனைச் சேர்க்கலாம் என்ற பட்டியலால் உங்களுக்குப் பயன் இல்லை. சண்டைக்கார சிக்லிட்களைச் சேர்த்து வெற்றிகரமாக வளர்ப்பவர்கள் எல்லோர் வீட்டிலும் மாடியிலோ, பால்கனியிலோ, கட்டிலுக்கு அடியிலோ ஃபில்டர் ஓடும் ஒரு காலி டப் இருக்கும். போட்டோவில் அது தெரியாது. புதிதாகச் சேர்ப்பவர் பெரிய டேங்கை மட்டும் பார்த்துவிட்டு அதேபோல் செய்கிறார், இரண்டு மாதத்தில் செத்த மீனோடு வந்து நிற்கிறார். எனக்கு இதைப் பார்த்துப் பார்த்து மனசு வலிக்கிறது, அதனால்தான் கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன்.

இப்போது உங்கள் மீன்களுக்கு வருகிறேன். ஆஸ்கர் அமேசான் பகுதி மீன். நன்றாகச் சாப்பிட்டால் ஒரு வருடத்தில் 10 இன்ச்சைத் தொடும், அப்புறம் 12, 13 வரை போகும். உங்கள் டேங்கின் அகலம் 18 இன்ச். அதில் அப்படிப்பட்ட இரண்டு மீன்கள் எதிரும் புதிருமாக வந்தால் ஒன்று ஒதுங்க இடமே இல்லை. ஆஸ்கர் பெரிய மீனே தவிர, பெரிய சண்டைக்காரன் இல்லை. வாயில் நுழைவதை விழுங்கும். நுழையாத மீன் எதிர்த்து நின்றால் பல சமயம் ஆஸ்கர்தான் பின்வாங்கும். அதனால் அளவை வைத்து யார் ஜெயிப்பார் என்று கணக்குப் போடாதீர்கள்.

கிரீன் டெரர் எக்வடார், பெரு நாடுகளின் பசிபிக் பக்க ஆறுகளில் வாழ்வது. ஆண் என்றால் 8 இன்ச்சுக்குக் குறையாது. டெம்ப்சி மெக்சிகோவிலிருந்து ஹோண்டுராஸ் வரை இருக்கும் மீன், அதுவும் 8 இன்ச். இந்த இரண்டும் ஏறக்குறைய ஒரே உடல்வாகு, ஒரே குணம், அடித்தளத்தில் ஒரே மாதிரி இடத்தைத்தான் கேட்கும். ஆகவே ஒன்றையொன்று போட்டியாகப் பார்க்கும்.

ஆனால் நான் முதலில் பயப்படுவது இவற்றைப் பார்த்து இல்லை. அந்தக் கான்விக்ட் ஜோடியைப் பார்த்துதான். அவை ஆணும் பெண்ணுமா? பெண்ணுக்கு வயிற்றோரத்தில் ஆரஞ்சு செதில்கள் இருக்கும், ஆணுக்கு இருக்காது. கவனித்துச் சொல்லுங்கள்.

மலாவி_மணி

கீதாக்கா சொல்வதில் பாதிதான் எனக்கு ஒப்புதல். தனி டப் அவசியம் என்பது சரி. ஆனால் சண்டைக்கார மீன்களைச் சேர்க்கவே கூடாது என்று இழையைப் படிக்கும் புதியவர்கள் நினைத்துவிடக் கூடாது.

என்னிடம் 5 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம், அதாவது 560 லிட்டர் டேங்கில் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரிப் பாறை மீன்கள், அதாவது ம்புனா, முப்பதுக்கும் மேல் இருக்கின்றன. எல்லோ லேப், ரஸ்டி, ரெட் ஜீப்ரா, அசே. நாள் முழுக்கத் துரத்தல் இருக்கும், ஆனால் காயம் அபூர்வம். கூட்டமாக வைத்தால் துரத்துகிற மீனுக்கு ஒரே இலக்கு கிடைக்காது. ஒன்றைத் துரத்த ஆரம்பிக்கும்போதே குறுக்கே இன்னொன்று வரும், அது இதை விட்டுவிட்டு அதைத் துரத்தும். அடி பத்துப் பேருக்குப் பகிர்ந்து போய்விடுகிறது. அருண் டேங்கில் ஆறு மீன்தான் இருக்கிறது. எண்ணிக்கை குறைவாக இருப்பதுதான் பிரச்சனையோ என்று நினைக்கிறேன்.

ராகவன்_தாம்பரம்

மணி தம்பி, உங்கள் டேங்கை நேரில் பார்த்திருக்கிறேன், அழகான டேங்க். ஆனால் அந்த முறையை அருணுக்குச் சொன்னால் மீன்கள்தான் பாவம்.

ம்புனா மீன்கள் மலாவி ஏரியின் பாறைக் கரையில் நெருக்கியடித்துத்தான் வாழ்கின்றன. 4, 5 இன்ச்சில் வளர்ச்சி நின்றுவிடும். ஒரு ஆண் காக்க நினைக்கும் இடம் ஒரு கல் இடுக்கும் அதைச் சுற்றிக் கொஞ்சமும்தான். பெண் முட்டைகளை வாயில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் சுற்றும். தரையில் காவல் காக்க வேண்டியது எதுவும் இல்லை. டெம்ப்சி, கான்விக்ட், டெக்சாஸ், ரெட் டெவில் போன்றவை வேறு வகை. ஜோடி சேர்ந்து, தரையில் இடம் பிடித்து, முட்டையையும் குஞ்சையும் அப்பா அம்மா இருவருமாகக் காப்பவை. அந்தக் காவலுக்குள் எத்தனை மீன் வந்தாலும் அத்தனையையும் அடிக்கும். கூட்டம் கூடினால் அடி பகிரப்படாது, அடி வாங்குகிறவர்கள்தான் அதிகமாவார்கள்.

இன்னொன்று கழிவு. ம்புனா முப்பது சேர்ந்து போடும் கழிவை மணி வாரம் 40% தண்ணீர் மாற்றி, ஒரு பெரிய சம்ப் (தண்ணீர் வடிகட்டும் தனித் தொட்டி) வைத்துச் சமாளிக்கிறார். வளர்ந்த ஆஸ்கர் ஒவ்வொன்றும் ஒரு கிலோவை நெருங்கும் மீன். 220 லிட்டரில் அவற்றோடு இன்னும் மீன்களைச் சேர்த்தால் சண்டையில் சாவதற்கு முன்னால் அம்மோனியாவில் சாகும். நம் ஊர் நிலைமையில் இதைக் கவனிக்காமல் விடவே முடியாது. அம்மோனியாவின் நச்சு வடிவம் எவ்வளவு என்பது பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு), சூடு இரண்டையும் பொறுத்தது. தண்ணீர் 30 டிகிரியில் இருந்து பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் 1% கூட நச்சு வடிவில் இருக்காது. அதே 30 டிகிரியில் பி.எச். 8 என்றால் 7 சதவீதத்தைத் தாண்டும். சென்னைப் போர் தண்ணீர் பெரும்பாலும் கடினநீர், பி.எச். 8 பக்கம் இருப்பது சாதாரணம். மே மாதம் டேங்க் 32 டிகிரி போவதும் சாதாரணம். அதே கழிவு, அதே ஃபில்டர். ஆனால் வேறு ஊரில் தாங்கும் மீன் இங்கே தாங்காது.

மலாவி_மணி

ராகவன் அண்ணா, இந்த அம்மோனியா விஷயத்தை ஏற்கிறேன். பெரிய மீன்களுக்கு என் கணக்கு பொருந்தாது என்பதும் சரிதான். ஆனால் கடினநீர் என்பது மலாவி மீன்களுக்கு வரம். அந்த ஏரியின் பி.எச். 7.7 முதல் 8.6 வரை. அமேசான் மீன்களுக்கு ஆர்.ஓ. தண்ணீர் கலக்கிறவர்கள் படும் பாடு எனக்கு இல்லை. அருண் மாதிரி போர் தண்ணீர் உள்ளவர்கள் இதையும் யோசிக்கலாம்.

அம்பத்தூர்_அருண்

எல்லோருக்கும் நன்றி. ஃபிளவர்ஹார்ன் வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லிவிட்டேன்.

கீதாக்கா, நீங்கள் சொன்னபடி பார்த்தேன். ஒரு கான்விக்டுக்கு வயிற்றில் ஆரஞ்சு இருக்கிறது. இன்று காலை விளக்குப் போட்டபோது, மண்சட்டியின் உள்பக்கம் வரிசையாக முட்டை! பெண் சட்டிக்குள்ளேயே நின்று துடுப்பால் விசிறிக்கொண்டிருக்கிறது. ஆண் வெளியே நிற்கிறது. ஆஸ்கர்கள் இரண்டும் எதிர் மூலையில் மேல்மட்டத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. 3 இன்ச் மீன் 4 இன்ச் மீன்களை இப்படி ஒதுக்கிவைக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. கிரீன் டெரர் மட்டும் இன்னும் எதிர்த்துப் பார்க்கிறது. அதற்கும் கன்னத்தில் செதில் போய்விட்டது.

ஒரு கேள்வி: மணி அண்ணா சொல்வதுபோல் நான்கைந்து எல்லோ லேப் விட்டால் கவனம் சிதறுமா?

வேளச்சேரி_வாசு

புது மீன் எதுவும் விடாதீர்கள். இன்றைக்கே தடுப்புப் போடுங்கள். ஃபால்ஸ் சீலிங் விளக்குகளுக்கு அடியில் போடும் கட்டம் கட்டமான வெள்ளை பிளாஸ்டிக் தட்டு எலக்ட்ரிகல் கடைகளில் கிடைக்கும். டேங்க் அளவுக்கு வெட்டி, அடிப்பக்கம் மணலுக்குள் இறக்கி, இரண்டு பக்கமும் கண்ணாடியை ஒட்டிக் கல் வைத்து நிறுத்துங்கள். மேலே தண்ணீர் மட்டத்தைத் தாண்டி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மீன் தாவும். சட்டி இருக்கும் மூலையில் ஒன்றரை அடியை ஜோடிக்கு விட்டுவிட்டு மற்றவர்களை இந்தப் பக்கம் கொண்டுவாருங்கள். தடுப்புக்கு இரு பக்கமும் ஒவ்வொரு ஸ்பான்ஜ் ஃபில்டர் இருக்கட்டும்.

கிழிந்த வாலுக்கு: அயோடின் சேர்க்காத கல் உப்பு, லிட்டருக்கு 1 முதல் 2 கிராம். வாளித் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். தண்ணீர் சுத்தமாக இருந்தால் துடுப்பு தானாக வளரும். பஞ்சு மாதிரி வெள்ளையாகப் படிந்தால் மட்டும் மருந்தைப் பற்றி யோசிக்கலாம்.

குரோம்பேட்டை_கீதா

வாசு சொன்னதை அப்படியே செய்யுங்கள். இந்தச் சூட்டில் மூன்று நாளில் முட்டை பொரிந்துவிடும், ஒரு வாரம் பத்து நாளில் குஞ்சுகள் நீந்த ஆரம்பிக்கும். அப்போதுதான் உண்மையான சண்டை. குஞ்சுகள் டேங்க் முழுக்கப் போகும், பெற்றோரின் எல்லையும் கூடவே நகரும். நான் ஜோடியைப் பற்றி முதலில் கேட்டதற்குக் காரணம் இதுதான். முட்டை வைக்காத கான்விக்ட் யாரோடும் ஒருமாதிரி ஒத்துப்போகும், முட்டை வைத்த கான்விக்டுக்கு 4 அடி டேங்கில் பாதி போதாது.

எல்லோ லேப் பற்றி: வேண்டாம். ம்புனா பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்று பழகிய கூட்டம். எல்லோ லேப் அவற்றில் கொஞ்சம் பூச்சி தின்னும் இனம் என்றாலும், ஆஸ்கருக்குப் போடும் இறால், பெரிய பெலட் (உருண்டைத் தீவனம்) எல்லாம் தொடர்ந்து தின்றால் வயிறு ஊதிச் சாகும் நோய் இந்த மலாவி வகைகளுக்கு வருகிறது. வேகமும் ஒத்துவராது. ம்புனா ஓயாது, ஆஸ்கர் நின்று நிதானிக்கிற மீன். இரண்டையும் சேர்த்தால் சண்டை வராமலே ஒன்று இளைத்துப்போகும்.

புதுமீன்

நான் இந்தப் பொழுதுபோக்குக்குப் புதிது. ஒரு சந்தேகம். அந்தக் கான்விக்ட் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் வருமாமே, வளர்ந்த பிறகு கொரட்டூர் ஏரியிலோ அம்பத்தூர் ஏரியிலோ விட்டுவிடலாமே? உயிரோடு இருக்கும் இல்லையா?

பழவேற்காடு_பையன்

தயவுசெய்து வேண்டாம். உயிரோடு இருக்கும் என்பதுதான் பிரச்சனையே.

நம் ஏரிகளில் வலை போட்டால் வரும் ஜிலேபி மீன் ஒரு சிக்லிட்தான், ஆப்பிரிக்க மீன். 1952இல் உணவுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். வாயில் குஞ்சு காக்கும் பழக்கமும், எந்தத் தண்ணீரிலும் பிழைக்கும் உடம்பும் இருந்ததால் நாடு முழுக்கப் பரவிவிட்டது. டேங்க் சுத்தம் செய்ய வாங்கி வளர்ந்ததும் விட்டுவிடும் சக்கர் மீன் இப்போது சென்னை நீர்நிலைகளில் மீனவர்களின் வலையைக் கிழிக்கிறது. கான்விக்ட் மாதிரி தரையில் இடம் பிடித்து மற்றவரை விரட்டும் மீனும் போனால் நம் ஊர் கெளுத்தி, கெண்டை மீன்களுக்கு முட்டையிடும் ஓரம்கூட மிஞ்சாது.

இந்த இழையில் யாரும் இன்னும் நம் ஊர் சிக்லிட்களைப் பற்றிப் பேசவில்லை, அதனால் சொல்லிவிடுகிறேன். இந்தியாவின் சொந்த சிக்லிட்கள் மூன்றே இனம். கரிமீன், ஆரஞ்சு குரோமைடு, கர்நாடகத்து ஆறுகளில் இருக்கும் இன்னொன்று. கரிமீனை எங்கள் பழவேற்காடு ஏரியிலும் பார்க்கலாம். கரிமீனும் ஆரஞ்சு குரோமைடும் ஒரே உப்பங்கழியில் சேர்ந்து வாழ்பவை. சின்ன ஆரஞ்சு குரோமைடுகள் கரிமீனின் துடுப்பில் ஒட்டும் ஒட்டுண்ணிகளைக் கொத்திச் சுத்தம் செய்யும். கரிமீன் அசையாமல் நின்று காட்டும். அதே ஆரஞ்சு குரோமைடு சமயம் கிடைத்தால் கரிமீனின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்னும். சேர்ந்து வாழ்வது என்றால் இயற்கையிலேயே இப்படித்தான், உதவியும் திருட்டும் பக்கத்தில் பக்கத்தில். ஆனால் உப்பங்கழியில் விலகிப் போக இடம் இருக்கிறது.

புதுமீன்

புரிந்தது அண்ணா, விடமாட்டேன். இன்னும் ஒன்று மட்டும். தொந்தரவு செய்யும் ஒரு மீனை எடுத்துவிட்டால் மற்றவை அமைதியாகிவிடுமா?

ராகவன்_தாம்பரம்

நல்ல கேள்வி. பல சமயம் ஆகாது.

ஆப்பிரிக்காவின் டாங்கனிகா ஏரிப் பக்கத்து பர்டோனி என்ற சின்ன சிக்லிடை வைத்து ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பல வருடம் ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். அடங்கி இருக்கும் ஆண் நிறம் மங்கி, பெண் மாதிரியே இருக்கும். தலைவனை எடுத்துவிட்டால் சில நிமிடங்களிலேயே அடங்கி இருந்த ஆணுக்கு நிறம் ஏறும், முகத்தில் கறுப்புக் கோடு வரும், மற்றவரைத் துரத்த ஆரம்பிக்கும். 2007இல் நேச்சர் இதழில் வந்த அவர்களின் இன்னொரு ஆய்வு இன்னும் வியப்பானது. மற்ற மீன்கள் சண்டையிடுவதைக் கண்ணாடிக்கு அப்பால் நின்று பார்த்தே, யார் யாரைவிடப் பலசாலி என்ற வரிசையை இந்த மீன் ஊகித்துக்கொள்கிறது. நேரில் மோதிப் பார்க்காத இரண்டு மீன்களில் எது பலவீனம் என்றுகூடக் கண்டுபிடிக்கிறது.

அதனால் நாம் டேங்கில் ஒரு மீனை எடுத்தாலும் சேர்த்தாலும் அந்த வரிசை முழுக்கக் கலைந்து மறுபடி எழுதப்படுகிறது. எடுத்த அன்றே டேங்க் முன்னால் உட்கார்ந்து அடுத்தது யார் தலை தூக்குகிறது என்று பார்க்க வேண்டும். ஒன்றுக்கொன்று பக்கவாட்டில் நின்று வாலை அடித்துக் காட்டுவதும், செவுளை விரித்துக் காட்டுவதும் பரவாயில்லை, அது பேச்சுவார்த்தை. வாயோடு வாய் கவ்விப் பலம் பார்ப்பதும் சுருக்கமாக முடிந்தால் விட்டுவிடலாம். தோற்ற மீன் ஓடிய பிறகும் ஜெயித்தது விடாமல் துரத்தினால், தோற்றது சாப்பிட வராமல் மேல்மட்டத்து மூலையில் சாய்ந்து நின்றால், அப்போது காத்திருக்கக் கூடாது.

புதுமீன்

வெயில் காலத்தில் சண்டை கூடுமா?

வேளச்சேரி_வாசு

கூடும். சூடு ஏறினால் மீனின் உடம்பு வேகமாக வேலை செய்யும், பசி, துரத்தல், முட்டை வைப்பது எல்லாம் கூடும். அதே நேரம் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும்: 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை கரையும், 32 டிகிரியில் 7.3 மட்டுமே. மேலே ஒரு சின்ன டேபிள் ஃபேனைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் வீசும்படி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாகிக் குறைவதைப் போர் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே போகாதீர்கள், டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் அளவு) ஏறிக்கொண்டே போகும், ஆர்.ஓ. அல்லது சுத்தமான மழைநீர் ஊற்றுங்கள். மெட்ரோ வாட்டரையும் லாரித் தண்ணீரையும் குளோரின் நீக்கி ஊற்றாமல் நேராக விடவே கூடாது.

பெரிய மீன் வைத்திருப்பவர்கள் பேட்டரி ஏர் பம்ப் வாங்கி வைப்பது நல்லது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் வேளச்சேரிப் பக்கம் மின்சாரம் எப்போது வரும் என்றே தெரியாமல் இருந்தது. கூட்டமான டேங்குகள்தான் முதலில் போயின.

அம்பத்தூர்_அருண்

தடுப்பு போட்டுவிட்டேன். ஆஸ்கர் கீழே இறங்கிச் சாப்பிடுகிறது. இப்போது நேராகக் கேட்கிறேன். இந்த டேங்கில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை விட்டுக்கொடுக்க வேண்டும்? விட்டுக்கொடுக்கத் தயார். எங்கள் தளம் இரண்டாவது மாடி, பெரிய டேங்க் வைக்க வீட்டு உரிமையாளர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

குரோம்பேட்டை_கீதா

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 6 அடி, 2 அடி, 2 அடி டேங்கில் தண்ணீர் மட்டுமே 680 கிலோ. சதுர மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல் வரும்; குடியிருப்புத் தளங்களுக்குச் சாதாரணமாகக் கணக்கிடும் சுமை சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவுதான். மாடியில் வைக்க நினைப்பவர்கள் பீம் எங்கே ஓடுகிறது என்று தெரிந்த பொறியாளரைக் கேட்காமல் வைக்காதீர்கள்.

உங்கள் டேங்குக்கு என் யோசனை: ஆஸ்கர் இரண்டும் போக வேண்டும். அழகுக்காக இன்னும் சில மாதம் வைத்திருக்கலாம் என்று தோன்றும், வேண்டாம். கான்விக்ட் ஜோடிக்கு மூன்று அடி டேங்க் ஒன்று தனியாகக் கிடைத்தால் போதும், சந்தோஷமாக இருக்கும். மீதி டெம்ப்சியும் கிரீன் டெரரும். 4 அடி டேங்கில் இந்த இரண்டும் கடைசி வரை சேர்ந்து இருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. இனத்தின் பெயர் பாதிதான் சொல்கிறது, மீதி அந்தத் தனி மீனின் குணம். நான் பார்த்த டெம்ப்சிகளில் கூச்சத்தோடு ஒளிந்தே வாழ்ந்ததும் உண்டு, டேங்கையே ஆண்டதும் உண்டு. முயன்று பார்க்கலாம். தடுப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், டேங்க் பக்கத்திலேயே இருக்கட்டும்.

ராகவன்_தாம்பரம்

ஆஸ்கர்களை நான் எடுத்துக்கொள்கிறேன், அருண். என் 6 அடி டேங்க் தரைத்தளத்தில் இருக்கிறது. ஒரு சிவரமும் (சாதுவான சிக்லிட்) சில சில்வர் டாலர் மீன்களும்தான் உள்ளே. சிவரமுக்கும் ஆஸ்கருக்கும் ஒத்துப்போகும்.

வேளச்சேரி_வாசு

கான்விக்ட் ஜோடி எனக்கு. மூன்று அடி டேங்க் காலியாக இருக்கிறது. குஞ்சுகளில் கொஞ்சத்தை உங்கள் பெயர் சொல்லி இங்கே உள்ளவர்களுக்கே கொடுத்துவிடுகிறேன்.

அம்பத்தூர்_அருண்

சில மாதங்கள் கழித்து எழுதுகிறேன்.

ராகவன் அண்ணா சொன்ன பர்டோனி கதை என் டேங்கில் அப்படியே நடந்தது. கான்விக்ட் போன அன்று சாயங்காலமே டெம்ப்சி குழாய்க்குப் பின்னாலிருந்து வெளியே வந்தது. உடம்பில் நீலப் புள்ளிகள் ஒவ்வொன்றாக ஏறின, இப்படி ஒரு நிறம் அதற்கு இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. கிரீன் டெரரோடு கொஞ்ச காலம் எல்லை பிரித்துக்கொண்டு இருந்தது. நடுவில் கற்களை உயரமாக அடுக்கி, ஒரு மூலையிலிருந்து மறு மூலை தெரியாதபடி செய்திருந்தேன். அப்புறம் கிரீன் டெரர் வளர வளர அந்தச் சமாதானம் நிற்கவில்லை. ஒருநாள் வாயைக் கவ்விக்கொண்டு நெடுநேரம் விடவில்லை. அன்றே தடுப்பு உள்ளே போய்விட்டது. கையிலேயே இருந்ததால் இரண்டுக்கும் உதட்டில் சிராய்ப்போடு முடிந்தது.

கிரீன் டெரரை மணி அண்ணாவின் நண்பர் எடுத்துக்கொண்டார், அவரிடம் தனி டேங்க் இருக்கிறது. டெம்ப்சி இப்போது 4 அடியும் தனக்கே என்று இருக்கிறது. ஆனால் தனியாக விட்ட பிறகு மறுபடி அதிகம் ஒளிகிறது. ராகவன் அண்ணா, ஆஸ்கர்கள் எப்படி இருக்கின்றன?

ராகவன்_தாம்பரம்

கிழிந்த வால் முழுசாக வளர்ந்துவிட்டது. விடும் முன் டேங்கில் இருந்த கல், மரக்கட்டை எல்லாவற்றையும் இடம் மாற்றினேன். அப்போதுதான் சிவரமுக்கும் அது புது வீடு, காக்கப் பழைய எல்லை இருக்காது. விளக்கை அணைத்து, சிவரமுக்கு வயிறு நிறையப் போட்டுவிட்டு, இரண்டு ஆஸ்கரையும் ஒரே நேரத்தில் விட்டேன். முதல் நாள் சிவரம் செவுளை விரித்துக் காட்டியது, அவ்வளவுதான். இப்போது பெலட் டப்பாவைத் தட்டினால் மூன்றும் ஒரே பக்கம் வந்து நிற்கின்றன. வாருங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டுப் போகலாம்.

மலாவி_மணி

டெம்ப்சி ஒளிவதற்குக் காரணம் மேலே யாரும் நீந்தாததுதான். நடுமட்டத்தில் பயமில்லாமல் சுற்றும் சின்னக் கூட்டம் ஒன்று இருந்தால், ஆபத்து எதுவும் இல்லை என்று அதற்குத் தைரியம் வரும். ஜெயன்ட் டேனியோ சரியான மீன். அந்தக் குடும்பத்து மீன்கள் நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளிலேயே இருக்கின்றன. 4 இன்ச் வரை வளரும், டெம்ப்சியால் பிடிக்க முடியாத வேகம்.

அம்பத்தூர்_அருண்

எத்தனை வாங்கலாம்? சனிக்கிழமை கொளத்தூர் போகிறேன்.

குரோம்பேட்டை_கீதா

எட்டு. அதற்குக் குறைந்தால் கூட்டமாக நீந்தாது. குட்டியாக இருப்பதை வாங்காதீர்கள், டெம்ப்சியின் வாயில் நுழையும். 3 இன்ச் இருப்பதாகத் தேடுங்கள். கொண்டுவந்ததும் நேராக விட வேண்டாம். ஸ்பான்ஜ் ஃபில்டரோடு ஒரு டப்பில் இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள், உடம்பில் வெள்ளைப் புள்ளியோ, துடுப்பை உடம்போடு ஒட்டி மடக்கி நீந்துவதோ இல்லை என்றால் விடலாம். டப்புக்கு மூடி போடுங்கள், டேனியோ தாவும்.